பதினைந்தாம் தேதிப் புகை

இந்தக் காலத்தில் நன்றி சொல்வது தும்மல் மாதிரி ஆகிவிட்டது. தன்பாட்டில் வருகிறது, வந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

அர்வோ ஹாக்கலா பெட்ரோல் போடப் போனால் கல்லாவில் இருக்கும் பெண் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள், தொப்பியைப் பார்ப்பாள். தொப்பியில் 'வியட்நாம்' என்று மஞ்சள் நூலில் தைத்திருக்கும். "உங்க சேவைக்கு நன்றி" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் கண் போனுக்குப் போய்விடும். காப்பிக்குக் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. ஒரு நாள் தொப்பியை மறந்துவிட்டுப் போனார். நன்றியும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. ஆக, சண்டைக்குப் போனது தொப்பிதான் என்று தெரிந்துகொண்டார்.

சண்டையிலிருந்து திரும்பி வந்த வருஷம் இதே பெட்ரோல் பங்கில்தான் வந்து நின்றார். அன்றைக்கு இருந்த கிழவன் ஒன்றும் சொல்லவில்லை. வண்டிக் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டிவிட்டு, "அப்பா சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதுவே போதுமாக இருந்தது.

நன்றிக்காரர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். இப்போது இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார்கள். நன்றாக இருக்கிறேன் என்றால் தலையைச் சாய்த்துக்கொண்டு, "நிஜமா எப்படி இருக்கீங்க?" என்று இன்னொரு தடவை கேட்பார்கள். முதல் பதில் பொய் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்ட பிறகு எதற்குக் கேட்க வேண்டும்?

அப்படிக் கேட்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள்தான் ரோண்டா ப்ரூ. இராக்கில் ராணுவ லாரி ஓட்டியவள். இப்போது பழைய படைவீரர்களுக்காக ஒரு வேனை ஓட்டிக்கொண்டு மிச்சிகனின் வடகோடியில் இருக்கிற ஊர் ஊராகச் சுற்றுகிறாள். நவம்பர் தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை, ஆட்கள் சீட்டாடிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து படைவீரர் மன்றத்துக்குள் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சின்னப் பூட்டு. துப்பாக்கிக்குப் போடுகிற பூட்டு.

"யாரும் துப்பாக்கியப் பிடுங்க வரல" என்றாள் எடுத்த எடுப்பிலேயே.

"பிடுங்க வர்றவன் எவன் சொல்லிட்டு வருவான்?" என்றார் அர்வோ சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இவரு பேரு என்ன?" என்று மதுக்கவுண்டரில் இருந்த பெக்கிடம் கேட்டாள் ரோண்டா.

"அத ஏன் கேக்குற. தொல்லைன்னு வச்சுக்கோ" என்றாள் பெக்.

ரோண்டா பெட்டியை மேஜையில் வைத்தாள். "சரி தொல்லை ஐயா, கேளுங்க. எல்லாருக்கும் ஒரு மோசமான நாள் வரும். அன்னைக்குத் துப்பாக்கி கைக்கு எட்டாம இருந்தா அந்த நாள் போயிடும், ஆளு மிஞ்சிடுவாரு. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. பூட்டி வைங்க. இல்லைன்னா நம்பிக்கையான ஆள்கிட்ட கொஞ்ச நாளைக்குக் குடுத்து வைங்க. சரியானதும் திரும்ப வாங்கிக்கலாம்."

அர்வோ எழுந்தார். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர், நாற்பது வருஷம் காட்டில் மரம் வெட்டியவர். அவர் எழுந்து நின்றால் நாற்காலியும் கூடவே எழுந்திருப்பதுபோல ஒரு சத்தம் வரும்.

"முதல்ல பூட்டு. அப்புறம் எவன்கிட்ட எத்தனை இருக்குன்னு கணக்கு. அப்புறம் வாசல்ல லாரி. எனக்குத் தெரியாதா? 'உன் நல்லதுக்குத்தான்'னு இவங்க சொன்ன ஒவ்வொரு தடவையும் என்கிட்டேர்ந்து ஏதோ ஒண்ணு போயிருக்கு. முதல் தடவை பட்டாளத்துக்கு பஸ்ஸுல ஏத்திவிட்டப்ப எனக்கு மீசையே சரியா முளைக்கல."

பெட்டியிலிருந்து ஒரு பூட்டை எடுத்தார். நேராக மதுக்கவுண்டருக்குப் பின்னால் போனார். பீர் வைத்திருக்கும் குளிர்ப்பெட்டியின் இரண்டு கைப்பிடிகளுக்குள் கம்பியைக் கோத்து 'கிளிக்' என்று பூட்டினார். "இந்த ஊர்ல பூட்டி வைக்க வேண்டியது இது ஒண்ணுதான்" என்று சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மன்றமே சிரித்தது. ரோண்டாவும் சிரித்தாள்.

சிரிக்காதவர் ஒருவர்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த லைல் பெல்டோனன். கைகளை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு அந்த அட்டைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அர்வோ அதைக் கவனித்தார். பாவம், வசந்தத்தில் பெண்டாட்டி எலெய்னைப் புதைத்தவன், சிரிப்பு வர நாளாகும் என்று நினைத்துக்கொண்டு சீட்டுக்குத் திரும்பினார்.

அர்வோவின் சட்டைப்பையில் ஒரு ஓட்டை இருந்தது. மறுநாள் பெக் இரும்பு வெட்டும் கத்தரியைக் கடன் வாங்கித்தான் பீரை வெளியே எடுத்தாள்.

*

அந்தப் பக்கத்தில் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஏரியைச் சுற்றிப் பார்த்தால் வீட்டுக்கு வீடு புகை எழும். பின்லாந்திலிருந்து வந்த தாத்தாக்கள் வீடு கட்டுவதற்கு முன்னால் சௌனாவைக் கட்டினார்கள். ஒரு மர அறை, ஒரு அடுப்பு, அடுப்பின் மேல் கற்கள், உட்காரப் பலகை. கற்கள் காய்ந்ததும் தண்ணீர் ஊற்றினால் சீறிக்கொண்டு ஆவி எழும், ஆள் வேர்த்து வடிவான். இறந்தவர்களைக் கழுவியது அங்கேதான், பிள்ளை பிறந்ததும் அங்கேதான். சனிக்கிழமை ஒரு வீட்டில் புகை வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நடை வந்து எட்டிப் பார்ப்பார்.

அர்வோவும் லைலும் ஒரே பஸ்ஸில் பட்டாளத்துக்குப் போனவர்கள். திரும்பி வந்ததிலிருந்து சனிக்கிழமைகளில் அர்வோ வீட்டு சௌனாவில் ஒரே பலகையில் உட்கார்கிறவர்கள். அங்கே உட்கார்ந்து சண்டையைப் பற்றி அவர்கள் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு காப்பி குடிக்கிற நேரம் வராது. அர்வோவின் பெண்டாட்டி எப்போதோ மில்வாக்கிக்குப் போய்விட்டாள். லைல் மட்டும் எங்கும் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை லைல் வரும்போது கம்பளியில் சுற்றிய நீளமான ஒன்றைக் கொண்டுவந்து உடை மாற்றும் அறையின் மூலையில் சாய்த்து வைத்தார். இருவரும் துண்டோடு மேல் பலகையில் போய் உட்கார்ந்தார்கள்.

"அது உன்கிட்ட இருக்கட்டும்" என்றார் லைல்.

"எது?"

"என் ரைஃபிள். பனி உருகுற வரைக்கும் வச்சுக்கோ."

"பனி இன்னும் ஒழுங்கா விழவே இல்லையேடா. வியாழக்கிழமை பதினைந்து."

பதினைந்து என்றால் அங்கே வேறு விளக்கம் வேண்டாம். மான் வேட்டை தொடங்கும் நாள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. பல் டாக்டர் கடையைச் சாத்திவிடுவார். அன்றைக்குக் காட்டுக் குடிலில் இல்லாத ஆண்பிள்ளை ஆஸ்பத்திரியில் இருப்பான், இல்லையென்றால் ஜெயிலில் இருப்பான்.

"நான் இந்த வருஷம் வரல" என்றார் லைல்.

"எலெய்ன் இல்லாம பேஸ்டி யாரு சுட்டுத் தருவான்னு பாக்குறியா? நம்ம குடில் க்ளிஃப் பொண்டாட்டி சுடுறா. கறியும் கிழங்கும் உள்ள இருக்கும்னு நம்பணும், மேல்மாவு செங்கல்லு. மான் மேல எறிஞ்சா மான் விழும், தோட்டா மிச்சம்."

லைல் சிரிக்க முயன்றார். "அதில்ல. வீட்ல அது இருக்க வேணாம்னு பாக்குறேன்."

"அந்த வேன்காரி உன்னையும் புடிச்சிட்டாளா?"

"அவகிட்ட நான் ஒரு வார்த்தை பேசல. உன்கிட்டதான் சொல்றேன், அர்வோ."

அர்வோ கரண்டியால் தண்ணீரை மொண்டு கற்களின் மேல் வீசினார். ஆவி சீறி எழுந்தது. காது எரிந்தது. அதற்குமேல் யாரும் பேச முடியாது. அவர்கள் வழக்கம் அது. பேச்சு எங்கே நிற்க வேண்டும் என்று தோன்றுகிறதோ அங்கே ஒரு கரண்டி தண்ணீர்.

ராத்திரி படுத்ததும் அர்வோ இதை யோசித்தார், யோசித்த அளவில் விளங்கியும் போயிற்று. எலெய்ன் போனதிலிருந்து லைல் எதையும் கவனிப்பதில்லை, ரைஃபிளில் துரு ஏறியிருக்கும், கூட்டாளிகள் முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு வர வெட்கப்படுகிறான். வாய்விட்டுக் கேட்கிற ஆளா அவன்? அதனால்தான் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சமையல் மேஜையில் பிரித்துப் போட்டார். துரு ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனாலும் எண்ணெய் போட்டுத் துடைத்தார். திங்கட்கிழமை சரளைக்குழிக்குக் கொண்டுபோய் ஒரு பழைய தகரத்தைக் குறிவைத்துச் சுட்டு, குறி விலகியிருந்ததைச் சரிசெய்தார். செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய் லைல் வழக்கமாக வாங்கும் தோட்டாவே ஒரு பெட்டி வாங்கினார். எல்லாவற்றையும் வேட்டைக்காரர் போடும் ஆரஞ்சுச் சட்டை ஒன்றில் பரிசு மாதிரிச் சுற்றினார். சீட்டியடித்துக்கொண்டே சுற்றினார். ஒரு நண்பனுக்காக இவ்வளவு பாடுபட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

*

புதன்கிழமை மதியம் லைலின் சமையலறை மேஜையில் அந்த மூட்டையை வைத்துப் பிரித்தார். பக்கத்தில் தோட்டாப் பெட்டியையும் வைத்தார்.

"பாரு. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு. விடியறதுக்கு முன்னாடி வந்து ஹாரன் அடிப்பேன், ரெடியா இரு."

லைல் ஒரு எட்டு பின்னால் வைத்தார். இன்னொரு எட்டு. முதுகு குளிர்பதனப் பெட்டியில் முட்டியது. பாத்திரம் வடிய வைக்கும் கூடையில் எலெய்னின் காப்பிக் கோப்பை இன்னும் கவிழ்ந்தே இருந்தது.

"எடுத்துட்டுப் போ."

"டேய், நாளைக்கு..."

"இந்த ஊர்ல வேற யார்கிட்டயும் என்னால குடுக்க முடியாது, அர்வோ. உன்கிட்டதான் குடுத்தேன்." லைலின் குரல் உயரவில்லை. "நீ அதத் துடைச்சு, குறி பாத்து, தோட்டாவும் வாங்கி என் அடுப்படிக்கே கொண்டு வந்திருக்க."

சனிக்கிழமை சொன்னது அர்வோவின் காதில் அப்போதுதான் விழுந்தது. வீட்டில் அது இருக்க வேண்டாம். உன்னிடம்தான் சொல்கிறேன். நடுவில் நாலு நாள் அந்த வார்த்தைகள் எங்கே போயிருந்தன என்று அவருக்குப் புரியவில்லை. ஆவியோடு போயிருக்கும்.

சுற்றிவளைத்துக் கேட்க அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

"சாகணும்னு நினைக்கிறியாடா?"

லைல் ஜன்னலைப் பார்த்தார். "தினமும் இல்ல" என்றார்.

அர்வோ மேஜையில் இருந்ததை எடுத்து மறுபடி சுற்றினார். "மத்ததெல்லாம் எங்க?"

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காத. உன் மாமனாரோட பழசு ஒண்ணு இருக்கு, வாத்து சுடுறது இருக்கு. எல்லாம் எங்க?"

"படுக்கை ரூம்ல. அலமாரியில."

"நீ தொடாத. எனக்குக் கதவ மட்டும் தொறந்துவிடு."

ஒவ்வொன்றாகத் தன் வண்டிக்குக் கொண்டுபோய், பின்னால் பொருத்தியிருந்த இரும்புக் கருவிப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியை இந்தத் தடவை சட்டைப்பையில் போடவில்லை. ஷூ கயிறு ஒன்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"ஜாக்கெட்ட எடு, பல்லு விளக்குறத எடு. நீ என் வீட்லதான் இருக்கப் போற."

"உனக்கு நாளைக்கு வேட்டை இருக்கு."

"மானுக்கு லீவு."

"நீ பட்டாளத்துலேர்ந்து வந்தப்புறம் ஒரு பதினைந்தையும் விட்டதில்லயே, அர்வோ."

"பின்ன? விட்டுப் பாக்க வேண்டியதுதான். ஏறு வண்டியில."

*

பதினைந்தாம் தேதி காலையில் காட்டில் வெடிச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் லைல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அர்வோ எழுந்தார். வெளியே போய் விறகு பிளந்தார். சௌனா அடுப்பை மூட்டினார். அந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டால் காடு கேட்காது, அடுப்பு மட்டும்தான் கேட்கும். கிழமை என்னவென்று அவர் பார்க்கவில்லை.

ஏரிக்கு அக்கரையில் குடிலில் இருந்தவர்கள் பார்த்தார்கள். வியாழக்கிழமை, அதுவும் பதினைந்தாம் தேதி, ஹாக்கலா வீட்டில் சௌனாப் புகை. பத்து மணி சுமாருக்கு அவர்களில் ஒருவரான க்ளிஃப் உடம்பு முழுக்க ஆரஞ்சு நிறத்தில் வண்டியை விட்டு இறங்கினார்.

"யாரு செத்தது?"

"யாரும் சாகல. அதான் விஷயம்" என்றார் அர்வோ. துண்டோடு வாசல்படியில் நின்றார். உடம்பிலிருந்து ஆவி பறந்தது.

"லைல் எங்க?"

"உள்ள வேர்த்துட்டிருக்கான்."

"இன்னைக்கா? மானெல்லாம் காட்ல நிக்குது, நீ இங்க கோவணாண்டி மாதிரி நிக்குற. பைத்தியம் புடிச்சிருச்சாடா உனக்கு?"

"ஆமா, புடிச்சிருச்சு. போய்ச் சொல்லு. மன்றத்துல சொல்லு, பங்க்ல சொல்லு, சர்ச்சுலயும் எழுந்து நின்னு சொல்லு. ஹாக்கலா கிழவன் கழண்டுட்டான்னு சொல்லு. ஆனா லைல் பேர ஒரு வார்த்தை இழுத்த, உன் பல்செட்ட ஏரியில தூண்டில் போட்டுத்தான் எடுக்கணும்."

க்ளிஃப் அவரையும் புகையையும் மூடியிருந்த கதவையும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, வண்டிக்குப் போய் ஒரு காகிதப்பையைக் கொண்டுவந்து படியில் வைத்தார். "பேஸ்டி. ரெண்டு பேருக்கும் ஆகும்" என்றார்.

"இதத் தின்னா ரெண்டு பேரும் போயிடுவோம்."

"போடா" என்று சொல்லிவிட்டு க்ளிஃப் போய்விட்டார். ஊரில் ஒன்றும் சொல்லவில்லை என்று பின்னால் தெரிந்தது.

அர்வோ உள்ளே போய் உட்கார்ந்தார். இருட்டு. அடுப்புக் கதவின் இடுக்கில் மட்டும் சிவப்பு. லைல் தானாகப் பேச ஆரம்பித்தார். ராத்திரியில் வீடு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்றார். எலெய்ன் இருந்தவரை கனவிலிருந்து எழுந்தால் பக்கத்தில் ஒரு குறட்டை இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன், இப்போது திரும்பி வர வழி தெரியவில்லை என்றார். பிறகு, "நாளைக்கு அந்த வேன் பொண்ணு நூலகத்துக் கீழ்த்தளத்துல நம்ம மாதிரி ஆளுங்களுக்குக் கூட்டம் போடுறா. போய்ப் பாக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

அர்வோவுக்குச் சுருக்கென்றது. "ஏன், நான் இல்லயா?"

"நீ இருக்க."

"பின்ன அந்த வேன்காரி எதுக்கு?"

"நான் ஏதாவது சொல்ல வந்தா நீ தண்ணி ஊத்திடுற."

அர்வோ கையைப் பார்த்தார். கரண்டி ஏற்கெனவே கையில் இருந்தது, அதில் தண்ணீரும் இருந்தது. அதை வாளிக்குள் திரும்ப வைத்தார். "சொல்லு" என்றார்.

லைல் சொன்னார். அர்வோ கேட்டார். எல்லாமே அவருக்கும் தெரிந்த இடங்கள், தெரிந்த மழை. கற்கள் ஆறிப்போகும்வரை கேட்டார். பாதியில் எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது, ஓடவில்லை. முடிந்ததும், "இத நாளைக்கு இன்னொரு தடவை அங்க போய்ச் சொல்லணுமா?" என்று கேட்டார்.

"ஆமா."

"எப்படியோ போ. நான் கொண்டுபோய் விடுறேன். உள்ள வர மாட்டேன்."

*

வெள்ளிக்கிழமை நூலகத்தின் பக்கவாட்டுப் படியில் ரோண்டா நின்றுகொண்டிருந்தாள். லைல் தொப்பியைக் கழற்றி அவளுக்குத் தலையை அசைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அர்வோ படியின் மேலேயே நின்றுவிட்டார்.

"வாங்க தொல்லை ஐயா" என்றாள் ரோண்டா. "அவரு துப்பாக்கி எங்க இருக்கு?"

"என்ன துப்பாக்கி? யாரோட துப்பாக்கி?"

"கணக்குக் கேக்கல. அவரு கைக்கு எட்டாம இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

அர்வோ சட்டைக்குள்ளிருந்து ஷூ கயிற்றை இழுத்துக் காட்டினார். "என் வண்டியில. சாவி இங்க. அவன் என் வீட்லதான் இருக்கான்."

"வண்டியிலயே எவ்வளவு நாளைக்கு? வீட்டுக்குள்ள வைப்பீங்க. அவரும் அங்கதான் தூங்குறாரு, உங்க துப்பாக்கிங்களும் அங்கதான் இருக்கும்."

அர்வோவுக்கு இதுவரை அது தோன்றவில்லை. தன்னுடையவை கதவுக்குப் பின்னால், எப்போதும் நிற்கிற இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தன. நேற்று ராத்திரியும் நின்றன. அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"அந்தக் கம்பி இருக்கா? பூட்டு வச்ச கம்பி?"

"இருக்கே. எத்தனை வேணும்?"

"பாத்தியா! எத்தனைன்னு கேட்டுட்ட பாத்தியா! இதத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்."

ரோண்டா வேனுக்குப் போய் அட்டைப்பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அவர் நெஞ்சில் மோதுகிற மாதிரி நீட்டினாள். "எண்ணல. பெட்டியோட கொண்டுபோங்க. சட்டைப்பையத் தைச்சிட்டுச் சாவியப் போடுங்க, பெக் எல்லாம் சொல்லிட்டாங்க."

அர்வோ பெட்டியை வாங்கிக்கொண்டார். தன் வரிப்பணத்தில் வாங்கியது, வாங்கிக்கொள்வதில் குற்றமில்லை.

"உள்ள ஒரு நாற்காலி காலியா இருக்கு" என்றாள் அவள்.

கீழே கதவு திறந்திருந்தது. குனிந்து பார்த்தார். மடக்கு நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் மூக்குத் துடைக்கிற காகிதப் பெட்டி. சுவரில் சூரியன் உதிக்கிற படம் ஒன்று. முன்பின் தெரியாத ஒருவன் அழுதுகொண்டிருந்தான். எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லைல் ஒரு நாற்காலியின் விளிம்பில், எழுந்து ஓடத் தோதாக உட்கார்ந்திருந்தார். ஆனால் ஓடவில்லை.

"லைட்டப் போட்டுட்டு, உடுப்பு மாட்டிட்டு, மூஞ்சிய மூஞ்சி பாத்துட்டு... இப்படி எவனாவது பேசுவானா?" என்றார் அர்வோ.

"பேசுறாங்க ஐயா. நானே பேசுறேன். நீங்களும்தான் செஞ்சிருக்கீங்க, நான் அன்னைக்குச் சொன்னது அப்படியே..."

"நீ சொன்னதுல ஒண்ணையும் நான் செய்யல. நீ பெட்டியத் தூக்கிட்டு வந்த. லைல் என் ஆளு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"சரி."

"இன்னொண்ணு. நன்றின்னு மட்டும் சொல்லிடாத."

"சொல்லல" என்றாள் ரோண்டா. "கூட்டம் முடியறப்ப வந்து அவரக் கூட்டிட்டுப் போங்க. லேட்டா வந்தீங்கன்னா உங்களையும் உக்கார வச்சிடுவேன்."

"வருவேன், வருவேன். நீ உன் வேலையப் பாரு."

பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவுக்கு நடந்தார். பூட்டுகள் உள்ளே கலகலவென்று ஆடின. பனி மெல்ல விழத் தொடங்கியிருந்தது. முதலில் பூட்டு, அப்புறம் நாற்காலி. அதற்கு அப்புறம் என்ன வரும் என்று தனக்குத் தெரியாதா என்ன என்று முணுமுணுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துப் போனார்.